மார்சியாக் ஜாஸ் விழாவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: கூடாரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

பிரான்சின் தென்மேற்கே, ஜெர்ஸ் மாவட்டத்தில் மார்சியாக் என்று ஒரு சிற்றூர். மொத்த ஜனத்தொகை 1,200, 1,300 பேர்தான். சுற்றிலும் மக்காச்சோளம், சூரியகாந்தி, வாத்துப் பண்ணைகள், கொஞ்சம் தள்ளிப் போனால் திராட்சைத் தோட்டங்கள். இந்த ஊரில் ஒவ்வொரு வருடமும் ஜூலை பிற்பகுதியில் தொடங்கி ஆகஸ்ட் முதல் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு மேல் ஜாஸ் விழா நடக்கிறது, அதற்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் வந்து போகிறார்கள். சோனி ராலின்ஸ், ஹெர்பி ஹேன்காக், அகமது ஜமால் எல்லாம் வாசித்த மேடை அது.

இந்தப் பெயர்களைக் கேட்டதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பெரிய கூடாரத்தில் நடக்கும் ராத்திரிக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவார்கள், தூரத்தில் ஒரு ஹோட்டல் போடுவார்கள், ஒன்பது மணிக்கு வந்து கேட்டுவிட்டு நள்ளிரவு தாண்டிக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். இரவு ஒன்றரை மணிக்கு விளக்கே இல்லாத கிராமத்து ரோட்டில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு திரும்பும்போது, நல்ல கச்சேரி கேட்டோம் என்ற நிறைவு இருந்தது, ஆனால் ஊரைப் பார்க்கவே இல்லை. அடுத்த தடவை ஊருக்குள்ளேயே தங்கிய பிறகுதான் புரிந்தது, இந்த விழா ஊரில் நடக்கிற விழா இல்லை, ஊர்க்காரர்கள் நடத்துகிற விழா. அது தெரிந்து போனால் உங்கள் நாட்கள் வேறு மாதிரி இருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கிளம்பும் முன் கொஞ்சம் கதை

1978இல் இதைத் தொடங்கியது ஏதோ பெரிய இசை நிறுவனம் இல்லை, உள்ளூர் இளைஞர் மன்றம். பிரான்சில் ஊருக்கு ஊர் இப்படிப்பட்ட மன்றங்கள் உண்டு, சினிமா போடுவார்கள், நாடகம் போடுவார்கள், பிள்ளைகளுக்கு வகுப்பு வைப்பார்கள். அந்த மாதிரி ஒரு மன்றத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு ஜாஸ் கச்சேரி வைத்தார்கள். ஏன் ஜாஸ் என்று கேட்டால், அந்தப் பக்கத்துக் கிராமங்களிலேயே ஜாஸ்காரர்கள் குடியிருந்தார்கள். அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்த டிரம்பெட் கலைஞர் பில் கோல்மன், 1948இல் இருந்து பிரான்சிலேயே வாழ்ந்தவர், கடைசிக் காலத்தில் ஜெர்ஸில்தான் இருந்தார். சாக்ஸபோன் கலைஞர் கி லஃபீத் வீடும் அதே மாவட்டத்தில். இவர்கள் இருவரும் ஆரம்ப வருடங்களிலேயே விழாவுக்குத் துணையாக நின்றார்கள்.

இன்னொரு பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஜான்-லூயி கியோமோன். விழாவைத் தொடங்கி வளர்த்தவர்களில் முதன்மையானவர், உள்ளூர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர், 1995இல் ஊரின் மேயரும் ஆனார். விழா, பள்ளி, ஊராட்சி மூன்றும் ஒரே ஆள் கையில் இருந்ததில் நல்லதும் உண்டு, கேள்விகளும் உண்டு. ஆனால் இந்த விழா ஏன் ஊரோடு இவ்வளவு ஒட்டிக்கிடக்கிறது என்பதற்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது.

முதல் வேலை: ஊருக்குள் இடம் பிடிப்பது

மார்சியாக்கில் ரயில் நிலையம் இல்லை. துலூஸ் நகரத்தில் இருந்து ஓஷ் நகரம் வரை ரயிலில் வரலாம், அங்கிருந்து 50 கிலோமீட்டர் போல இருக்கும். தார்ப் என்ற நகரத்தில் இருந்து வந்தால் 40 கிலோமீட்டர். விழாக் காலத்துப் பேருந்துகள் வருடத்துக்கு வருடம் மாறும் என்பதால், அந்த வருடத்து அட்டவணையை விழாவின் தளத்தில் பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். இரண்டு மூன்று பேராகப் போனால் வாடகைக் கார்தான் வசதி.

தங்குவதற்கு மூன்று வழி. ஒன்று, ஊர்க்காரர்கள் வாடகைக்கு விடும் அறை அல்லது வீடு. விழா நாட்களின் சத்தமும் கூட்டமும் வேண்டாம் என்று வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியே போகிறவர்களும் உண்டு, ஒரு அறையை மட்டும் கொடுத்துவிட்டு மற்ற அறைகளில் தாங்களே இருக்கிறவர்களும் உண்டு. முடிந்தால் இரண்டாவது வகையைத் தேடுங்கள். காலைச் சாப்பாட்டு மேசையில் நேற்றைய கச்சேரி பற்றி வீட்டுக்காரர் சொல்லும் அபிப்பிராயம் எந்த விமர்சனத்திலும் கிடைக்காது, நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற காது அது. இரண்டு, கேம்பிங். கூடாரம், தூங்கும் பை எல்லாம் இருந்தால் செலவு குறைவு, இளைஞர்கள் பெரும்பாலும் அங்கேதான். மூன்று, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் பண்ணை வீடுகள், அமைதியாக இருக்கும், ஆனால் கார் வேண்டும், ராத்திரி ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது. எதுவானாலும் வசந்த காலத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். ஜூலையில் தேடினால் மிஞ்சுவது தூரத்து ஹோட்டல்தான்.

எத்தனை நாள்? குறைந்தது மூன்று. ஒரு புதன்கிழமை அதில் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள், அன்று காலை ஊர்ச் சந்தை.

போய் இறங்கியதும் சதுக்கத்துக்குப் போங்கள்

மார்சியாக் 1298இல் திட்டம் போட்டுக் கட்டிய ஊர். தென்மேற்கு பிரான்சில் இப்படி இடைக்காலத்தில் கட்டம் கட்டமாகத் தெருப் பிரித்துக் கட்டிய ஊர்களுக்கு பஸ்தீத் என்று பெயர். நடுவில் பெரிய சதுக்கம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம் வைத்த வீடுகள். தேவாலயத்தின் ஊசிக்கோபுரம் தூரத்தில் வரும்போதே தெரியும், வழி தவறாது.

இந்தச் சதுக்கத்தில்தான் பகல் முழுக்க இலவசக் கச்சேரி. இதை 'பிஸ்' விழா என்கிறார்கள், அதாவது பெரிய விழாவோடு கூட நடக்கும் இன்னொரு விழா. காலையிலேயே தொடங்கிவிடும், ஒரு குழு முடித்தால் கொஞ்ச நேரத்தில் அடுத்த குழு, மாலை வரை ஓடும். டிக்கெட் கிடையாது, வாசல் கிடையாது. ஊர்ப் பாட்டிகள், கைக்குழந்தைக்காரர்கள், சைக்கிளை ஓரமாகச் சாத்திவிட்டு நிற்கிறவர்கள், நாய்கள், எல்லாம் ஒரே இடத்தில். நிழலான இடம் முதலில் போய்விடும், தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம். ஆகஸ்ட் வெயில் அங்கே நம்மூர் வெயிலுக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை.

புதிதாக ஜாஸ் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, கூடாரத்தில் தொடங்காதீர்கள், இங்கே தொடங்குங்கள். காசு கொடுக்கவில்லை என்பதால் பிடிக்காவிட்டால் எழுந்து போய் ஐஸ்கிரீம் வாங்கலாம், பிடித்தால் மூன்று மணி நேரம் உட்காரலாம். யார் யாரைப் பார்த்துத் தலையசைக்கிறார், டிரம்ஸ்காரர் எப்போது சத்தத்தைக் குறைத்து பேஸ்காரருக்கு வழி விடுகிறார் என்பதெல்லாம் பத்தடி தூரத்தில் கண்ணுக்குத் தெரியும். தனி ஆவர்த்தனம் முடிந்ததும் பாட்டின் நடுவிலேயே கைதட்டுவது வழக்கம், தயங்க வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நிறைய வித்தியாசம் செய்யும். கடையோ, ஸ்டாலோ, பக்கத்து நாற்காலியோ, முதலில் 'போன்ஜூர்' சொல்லிவிட்டுத்தான் மற்றது. அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் மாறும். சொல்லிவிட்டுத் தப்புத் தப்பாகப் பேசினாலும் பொறுமையாக உதவுவார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கும் நேரத்தைத் தவறவிடாதீர்கள்

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிராமங்களில் ஆட்கள் குறைந்துகொண்டே போனால் முதலில் அடிபடுவது பள்ளி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மார்சியாக்கின் நடுநிலைப் பள்ளிக்கும் அந்த நிலைமைதான், பிள்ளைகள் போதவில்லை, மூடிவிடுவார்கள் என்ற பயம். பள்ளி போனால் இளம் குடும்பங்கள் போகும், அப்புறம் பேக்கரி போகும், தபால் நிலையம் போகும். அந்த நேரத்தில், 1993இல், பள்ளியில் ஜாஸ் வகுப்பு தொடங்கினார்கள். பதினொரு வயதுப் பிள்ளைகள், வழக்கமான கணக்கு, வரலாறு, மொழிப்பாடங்களோடு வாரத்துக்குச் சில மணி நேரம் ஜாஸும் கற்றுக்கொள்வது. சேர்ந்து வாசிப்பது, மனோதர்மமாக வாசிப்பது, ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் கேட்பது. வெளியூர்ப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள், பிரான்சின் பல பக்கங்களில் இருந்தும் இதற்காகவே வருகிறார்கள். பள்ளி மூடப்படவில்லை.

முதல் வருடமே சேர்ந்தவர்களில் ஒருவர் எமில் பரிசியேன். இன்றைக்கு ஐரோப்பாவில் சொப்ரானோ சாக்ஸபோன் என்றால் முதலில் சொல்லும் பெயர்களில் அவர் பெயர் இருக்கும். பாடகி லெய்லா மார்சியாலும் அந்தப் பள்ளியில் படித்தவர்தான். ஆனால் எல்லாப் பிள்ளையும் கலைஞராக வேண்டும் என்பது நோக்கம் இல்லை. விவசாயியாகவோ நர்ஸாகவோ ஆகிற பிள்ளையும் பதினான்கு வயதுக்குள் ஒரு குழுவில் வாசித்திருக்கும், ஒரு கச்சேரியை எப்படிக் கேட்பது என்று அதற்குத் தெரிந்திருக்கும். ராத்திரிக் கூடாரத்தில் அவ்வளவு கவனமாகக் கேட்கிற கூட்டம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதில் ஒரு பங்கு இந்த வகுப்பறையில் இருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

பெரிய கலைஞர்களும் இதில் பங்கெடுக்கிறார்கள். டிரம்பெட் கலைஞர் வின்டன் மார்சாலிஸ் 1991இல் இருந்து ஏறக்குறைய வருடம் தவறாமல் வருகிறவர், பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார், ஊரின் பெயரிலேயே ஒரு நீண்ட இசைத்தொகுப்பு எழுதியிருக்கிறார். ஊரில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. உயிரோடு இருக்கிற ஒரு அமெரிக்க ஜாஸ்காரருக்கு பிரெஞ்சுக் கிராமத்தில் சிலை என்பது முதலில் விசித்திரமாகத் தோன்றும், நாலு நாள் அங்கே இருந்துவிட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: போனதும் பிஸ் மேடையின் அட்டவணையை வாங்கி, பள்ளி மாணவர்களின் குழுக்கள், பயிற்சி முகாம்காரர்களின் கச்சேரி எப்போது என்று தேடுங்கள். பிரபலமான பெயர் இல்லாததால் வெளியூர்க்காரர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் முன்வரிசையில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பது அந்தப் பிள்ளையின் அம்மாவாகவோ தாத்தாவாகவோ இருக்கலாம், பேச்சு தானாகத் தொடங்கிவிடும்.

நீங்களே ஏதாவது வாத்தியம் வாசிப்பவராக இருந்தால், விழாவின்போது பெரியவர்களுக்கும் பயிற்சி முகாம்கள் உண்டு, டாப் நடனத்துக்குக்கூட உண்டு. முன்பதிவு செய்ய வேண்டும், காசு கட்ட வேண்டும். கர்நாடக சங்கீதமோ மிருதங்கமோ படித்தவர்களுக்குத் தாளத்தைப் பிடிப்பது சிரமமாக இராது, ஆனால் ஒத்திசைவு (ஹார்மனி) பற்றிய அடிப்படை கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நல்லது.

சாப்பாடு

அது வாத்து நாடு. வறுத்த வாத்து நெஞ்சுக்கறி, வாத்துக் கொழுப்பிலேயே பாதுகாத்த தொடைக்கறி, வாத்துக் கல்லீரல். குடிப்பவர்களுக்குப் பக்கத்து ஊர்களின் மதிரான், சேன்-மோன் ஒயின்கள், அப்புறம் அர்மன்யாக் என்ற அந்தப் பக்கத்து பிராந்தி. சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உருளைக்கிழங்கு வறுவலைக்கூட அங்கே வாத்துக் கொழுப்பில் வறுப்பது உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். புதன் சந்தையில் தக்காளி, முலாம்பழம், ஆட்டுப்பால் சீஸ், ரொட்டி வாங்கிக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் வயிறும் நிறையும், செலவும் குறையும். க்ரூஸ்தாத் என்று ஒரு இனிப்பு, காகிதம் மாதிரி மெல்லிய மாவு அடுக்குக்குள் ஆப்பிள் வைத்து, அர்மன்யாக் தெளித்துச் சுட்டது. அதைச் சாப்பிடாமல் வராதீர்கள். காசை எங்கே செலவழிப்பது என்பதில் என் யோசனை, வெளியில் இருந்து வந்த வண்டிக்கடையை விட உள்ளூர்ப் பண்ணைக்காரர், உள்ளூர்ச் சங்கம் நடத்தும் ஸ்டாலைத் தேடுங்கள். விழாவால் ஊருக்குக் கிடைக்க வேண்டியது அப்போதுதான் ஊருக்குப் போய்ச் சேரும்.

விழா நாட்களில் விவசாயிகளும் சுற்றுச்சூழல்காரர்களும் சேர்ந்து நிலம், மரம், மண் பற்றிக் கூட்டங்கள் நடத்துகிறார்கள். வயலுக்குள் மரம் வளர்ப்பது எப்படி, வேலி மரங்களை ஏன் வெட்டக் கூடாது என்ற மாதிரிப் பேச்சு. ஜாஸுக்கும் அதற்கும் என்ன என்று கேட்கத் தோன்றும். கூட்டம் சேருகிற நேரத்தில் தங்கள் கவலையைப் பேச ஊருக்கு ஒரு இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். பிரெஞ்சு கொஞ்சம் புரிந்தால் ஒரு மதியம் போய்ப் பாருங்கள்.

அப்புறம் கூடாரம்

பெரிய கூடாரம் 6,000 பேர் பிடிக்கும், ஊரின் ரக்பி மைதானத்தில் போடுகிறார்கள். ரக்பி அந்தப் பக்கத்தில் கிட்டத்தட்ட மதம், அந்த மைதானத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் யோசித்துப் பாருங்கள். கச்சேரி இரவு ஒன்பது மணி வாக்கில் தொடங்கும், பெரும்பாலும் ஒரே இரவில் இரண்டு குழுக்கள், முடிய நள்ளிரவு தாண்டும். எண் போட்ட முன் இருக்கைகள் விலை கூடுதல், பின்னால் உள்ள இடங்கள் குறைவு. முதல் தடவை பின்னால் உட்கார்ந்தால் போதும், மிச்சப்படுத்தும் காசில் இன்னொரு ராத்திரி கேட்கலாம். பகல் சூடு துணிக்குள் தேங்கிக் கிடக்கும், நள்ளிரவில் வெளியே வந்தால் குளிரும், ஒரு மெல்லிய ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும். அந்தப் பக்கம் கோடையில் திடீர் இடிமழை சகஜம், குடைக்குப் பதில் மழைக்கோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருடம் தன்னார்வலராகப் போக நினைத்தால்

கூடாரத்தில் உங்களுக்கு இடம் காட்டியவர், காரை நிறுத்தச் சொன்னவர், டிக்கெட்டைப் பார்த்தவர், கலைஞரை விமான நிலையத்தில் இருந்து அழைத்து வந்தவர், சமையல்கட்டில் நின்றவர், இவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். இப்படி எண்ணூறு பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். ஊர் ஜனத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் ஊர்த் தேர்த்திருவிழாவில் ஒவ்வொரு தெருக்காரருக்கும் ஒரு நாள் மண்டகப்படி இருக்கும் அல்லவா, அந்த மாதிரி இவர்களுக்கு ஒவ்வொரு வேலையும். வாகன நிறுத்தத்தை இருபது வருடமாக ஒரே குடும்பம் பார்த்துக்கொண்டால் அதை வேறு யாரும் கேட்க மாட்டார்கள். வெளியூர்க்காரர்களும் சேரலாம், சேர்கிறார்கள், விடுமுறையை இதற்கென்றே எடுத்து வருடா வருடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

விழாவை நடத்துவது 1901ஆம் வருடச் சட்டப்படி அமைந்த ஒரு லாபநோக்கமற்ற சங்கம். பிரான்சில் இருக்கும் நம்மவர்கள் யாராவது சேர விரும்பினால் வருடத் தொடக்கத்திலேயே சங்கத்தின் தளத்தைப் பார்க்கத் தொடங்குங்கள், விண்ணப்பம் நிரப்பி, எந்த நாட்கள் முடியும், என்ன வேலை தெரியும் என்று நேர்மையாக எழுதுங்கள். "எதையும் செய்வேன்" என்று எழுதுவதை விட "சமையல்கட்டில் வேலை செய்த அனுபவம் உண்டு", "ஆங்கிலம் நன்றாகப் பேசுவேன்" என்று எழுதினால் உபயோகம். பேச்சுவழக்குப் பிரெஞ்சாவது வேண்டும், மக்களோடு பேசுகிற வேலைதான் அதிகம். கச்சேரி முழுக்கக் கேட்கலாம் என்ற கணக்கில் போகாதீர்கள். உங்களுக்குப் பிடித்த கலைஞர் வாசிக்கும்போது நீங்கள் வெளிவாசலில் நிற்க வேண்டி வரலாம், பாட்டு துணிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்கும்.

கூட்டம் போன பிறகு

நேரம் இருந்தால் விழா இல்லாத மாதங்களில் ஒரு தடவை போய் வாருங்கள். 2011இல் இருந்து ஊரில் 'அஸ்த்ராதா' என்று நிரந்தர அரங்கம் ஒன்று இருக்கிறது, 500 பேர் உட்காரலாம், பனிக்காலத்திலும் ஜாஸ், நாடகம், குழந்தைகளுக்கான நிகழ்ச்சி நடக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊருக்கு 500 இருக்கை. சுற்றுக் கிராமங்களில் இருந்தெல்லாம் காரில் வந்து நிரப்புகிறார்கள். ஊருக்குச் சொந்தமாக ஒரு சினிமாக் கொட்டகையும் உண்டு. பள்ளிக்கூட நாளாகப் பார்த்துப் போங்கள், ஒரு வியாழன் அல்லது வெள்ளி. அரங்கத்தின் தளத்தில் அந்த வார நிகழ்ச்சியைப் பார்த்து டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், அறைக்கு ஆகஸ்டில் தங்கிய அதே வீட்டுக்காரருக்கே எழுதுங்கள். பதில் சீக்கிரம் வரும், வாடகையும் குறையும், அவர்களுக்கும் பேச நேரம் இருக்கும்.